நான் தேர்ந்தெடுக்காத வாசகங்கள்

ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அன்றைய திருப்பலிக்குரிய, அதாவது கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் பூசைக்குரிய, விவிலிய வாசகங்களை வாசித்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குவது பல ஆண்டுகளாக என் வழக்கம். கோயிலுக்குப் போக முடிந்த நாள்களில் அவற்றை அங்கே மறுபடியும் கேட்கிறேன். முடியாத நாள்களில் வீட்டிலேயே, முதல் வாசகம், அதற்கு மறுமொழியாக வரும் பதிலுரைப் பாடல், நற்செய்தி என்ற அதே வரிசையில் வாய்விட்டு வாசிக்கிறேன். இதனால் உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: அந்த வாசகங்களை நான் தேர்ந்தெடுப்பதில்லை. எனக்குக் கிடைக்கும் ஊக்கத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது.

மனம் சோர்ந்திருக்கும்போது விவிலியத்தைத் திறந்து நமக்குப் பிடித்த பகுதியைத் தேடிப் போவது இயல்பு. 'ஆண்டவரே என் ஆயர்' என்னும் 23ஆம் திருப்பாடலும், 'அஞ்சாதே' என்று எசாயா திரும்பத் திரும்பச் சொல்லும் இடங்களும் எனக்கும் மிக நெருக்கமானவை. புத்தாண்டு இரவில் கோயிலில் தரும் வசன அட்டையை அம்மா தம் செபப் புத்தகத்துக்குள் ஆண்டு முழுவதும் வைத்திருப்பார். அந்த அன்பில் நான் குறை காணவே மாட்டேன். ஆனால், நாமே தேடிப் போகும்போது நமக்குத் தேவை என்று நாம் ஏற்கெனவே நினைத்திருப்பதையே எடுத்துக்கொள்கிறோம். ஆறுதல் வேண்டும் என்று போனால் ஆறுதலான வசனம் மட்டுமே கண்ணில் படும். கண்டனமும் புலம்பலும், பதில் கிடைக்காத கேள்வியும் நிறைந்த பக்கங்களைக் கை தானாகவே புரட்டிவிடும். அந்தப் பக்கங்களில் நமக்கென்று வைக்கப்பட்டிருப்பதை, வேறொருவர் நம் முன் எடுத்து வைத்தால்தான் பெற்றுக்கொள்வோம். திருச்சபை அதைத்தான் நாள்தோறும் செய்கிறது.

இன்று நம் கையில் இருக்கும் இந்த ஒழுங்கு மிகப் பழமையானது அன்று. உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, விவிலியத்தின் கருவூலங்கள் இறைமக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்று 51ஆம் பிரிவில் கேட்டது. அதுவரை ஞாயிறுகளுக்கு ஒரே ஆண்டுக்கான வாசகங்களே இருந்தன; அவற்றிலும் பழைய ஏற்பாடு அரிதாகவே இடம்பெற்றது. தவக்காலம் நீங்கலாகப் பெரும்பாலான வாரநாள்களுக்கென்று தனி வாசகங்கள் இல்லை. முந்தைய ஞாயிறின் பகுதியோ புனிதர்களுக்குரிய பொதுப் பகுதியோ மீண்டும் வாசிக்கப்பட்டது. வாசிக்கப்பட்டதும் லத்தீன் மொழியில். தம் சிறுவயதில், பலிபீடத்தில் குரு பூசை வைக்க, பெண்கள் எல்லாரும் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அம்மா சொல்வதுண்டு.

புதிய வாசக ஒழுங்கு 1969 மே 25 அன்று வெளியிடப்பட்டது. ஞாயிறுகளுக்கு மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகளின்படி மூன்று ஆண்டுச் சுழற்சி உண்டானது. வாரநாள்களின் அமைப்பு வேறு. தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் நீங்கலான பொதுக்காலத்தின் முதல் ஒன்பது வாரங்களுக்கு மாற்கும், 10 முதல் 21 வரையிலான வாரங்களுக்கு மத்தேயுவும், 22 முதல் 34 வரை லூக்காவும் ஆண்டுதோறும் வாசிக்கப்படுகின்றன. முதல் வாசகம் மட்டும் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்றும் இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்றுமாக மாறுகிறது. தவக்காலத்தில் முதல் வாசகமும் நற்செய்தியும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. பொதுக்காலத்து வாரநாள்களில் அப்படியல்ல, இரண்டும் தத்தம் வழியில் தொடர்ந்து செல்கின்றன. அப்படித் தனித்தனியாகச் செல்லும் இரண்டு பகுதிகளும் ஒரு நாள் எதிர்பாராமல் ஒரே பொருளில் வந்து நிற்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரட்டைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் 26ஆம் வாரத்தில், நேர்மையாளர் ஒருவரின் துன்பத்தைச் சொல்லும் பழைய ஏற்பாட்டு நூலான யோபு வருகிறது. திங்கள் முதல் சனி வரை ஆறே நாள்களில், 42 அதிகாரங்கள் கொண்ட அந்த நூலின் முதன்மையான இடங்கள் வாசிக்கப்படுகின்றன. 2024ஆம் ஆண்டில் அந்த வாரம் செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. அதற்குச் சற்று முன்புதான் அம்மாவுக்குப் பக்கவாதம் தாக்கி, வலது கையும் பேச்சும் போயிருந்தன. மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, கைப்பேசியில் பார்த்து, அம்மா வாழ்நாள் முழுவதும் காலைத் திருப்பலியில் கேட்டுவந்த வாசகங்களை அவருக்கு வாசிப்பது அந்நாள்களில் என் காலைக் கடமையாக இருந்தது.

திங்களன்று வந்தது யோபுவின் முதல் அதிகாரம். மாடுகளும் ஆடுகளும் ஒட்டகங்களும் பறிபோன செய்தியை ஒவ்வொருவராக ஓடிவந்து சொல்கிறார்கள். கடைசியாகப் பிள்ளைகள் இறந்த செய்தி வருகிறது. யோபு தரையில் விழுந்து வணங்கி, 'ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக!' என்கிறார். நம் இல்லங்களில் இறப்பு நேரும்போது அதிகம் சொல்லப்படும் சொற்கள் இவை. அதை வாசிப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

செவ்வாயன்று நிலைமை மாறியது. மூன்றாம் அதிகாரத்தில், முந்தைய நாள் ஆண்டவரைப் போற்றிய அதே யோபு வாய்திறந்து, 'ஒழிக நான் பிறந்த அந்த நாளே!' என்று கதறுகிறார். கருவிலேயே நான் ஏன் இறக்கவில்லை, துன்புறுவோருக்கு ஒளி எதற்கு, செல்லும் வழி மறைக்கப்பட்டவனுக்கு வாழ்வு எதற்கு என்று கேள்விமேல் கேள்வி கேட்கிறார். அன்று அம்மாவைப் பார்க்க வந்திருந்த சித்தி என் தோளைத் தொட்டு, "நோயாளி முன்னால் இதையா வாசிப்பாய், கண்ணு? வேறு நல்ல பகுதியாகப் பார்த்து வாசி" என்றார். நான் நிறுத்தினேன். அம்மா தம் இடக்கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, விரல்களை மட்டும் அசைத்து, மேலே வாசி என்று காட்டினார். நான் தொடர்ந்தேன். வாசித்து முடித்து வழக்கப்படி 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று சொன்னேன். 'இறைவா உமக்கு நன்றி' என்று சித்தி பதில் சொன்னார்; அம்மாவின் உதடுகளும் அசைந்தன.

அந்தக் கணத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தான் பிறந்த நாளைச் சபிக்கும் ஒரு மனிதனின் கதறலைத் திருச்சபை வாசக மேடையிலிருந்து வாசித்து, இது ஆண்டவரின் அருள்வாக்கு என்று அறிவிக்கிறது. நாம் எழுந்து நின்று பேசத் துணியாத சொற்களை நமக்காகச் சொல்லி, அதற்காக இறைவனுக்கு நன்றி கூறவும் வைக்கிறது. பதிலுரைப் பாடலாக அன்று வருவது 88ஆம் திருப்பாடல். திருப்பாடல்களில் பெரும்பாலான புலம்பல்கள் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இந்தப் பாடல் மட்டும் இருளிலேயே முடிகிறது. அதைத்தான் யோபுவின் மூன்றாம் அதிகாரத்துக்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள். அவசர ஆறுதல் ஒன்றைச் சொல்லி அழுகிறவரின் வாயை அடைக்காமல், அவருடைய குரலோடு இன்னொரு குரலைச் சேர்த்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் துன்பத்தை அறிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்டோபர் 1, குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் நினைவு நாள். 24 வயதில் காசநோயால் இறந்த அந்தக் கன்னியர், 1896ஆம் ஆண்டின் பாஸ்கா (உயிர்ப்பு விழா) நாள்களில் தொடங்கித் தம் வாழ்வின் இறுதி வரை நம்பிக்கையின் இருளில் நடந்தார் என்பது அவர் எழுதியவற்றிலிருந்தே நமக்குத் தெரியும். அன்றைய நற்செய்தியோ, எருசலேமுக்குச் செல்லத் தீர்மானித்த இயேசுவைச் சமாரியர் தங்கள் ஊருக்குள் ஏற்றுக்கொள்ளாத பகுதி. சாவை நோக்கிய அந்தப் பயணம் கதவடைப்போடு தொடங்குகிறது. யோபுவும் தெரேசாவும் இந்த நற்செய்தியும் ஒரே நாளில் கூடிவர வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. நாள்காட்டியின் ஓட்டத்தில் அப்படி நேர்ந்தது. நான் அதை வெறும் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிரவு, தோகாவில் வேலை செய்யும் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, இன்றைய முதல் வாசகத்தைப் பார்த்தாயா? அம்மாவிடம் வாசித்தாயா?" வர முடியாத வேதனையோடு அங்கே இருந்த அவனும் வேலைக்குப் போகும் வழியில் அதே பகுதியை வாசித்திருந்தான். இலத்தீன் முறைத் திருச்சபை உலகின் பல இடங்களிலும் அன்று அதே பக்கத்தைத் திறந்திருந்தது என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். அதன் பொருள் அன்று இரவுதான் எனக்கு எட்டியது. ஊரில் நானும் கடல் கடந்து அவனும் தனித்தனியே தேர்ந்தெடுத்திருந்தால் ஒரே பகுதிக்கு வந்திருக்கவே மாட்டோம்.

வியாழனன்று 19ஆம் அதிகாரம் வந்தது. உறவினரும் நண்பரும் கைவிட்ட நிலையில், தன் சொற்கள் பாறையில் பொறிக்கப்பட வேண்டும் என்று விரும்பும் யோபு, 'என் மீட்பர் வாழ்கின்றார்' என்று உறுதியாகச் சொல்கிறார். பதிலுரைப் பாடல், 'வாழ்வோரின் நாட்டினிலே ஆண்டவரின் நலன்களைக் காண்பேன்' என்று அதற்குக் குரல் கொடுக்கிறது. இந்த வசனத்தை மட்டும் ஓர் அட்டையில் படித்திருந்தால் அழகான வசனம் என்று கடந்திருப்பேன். செவ்வாயன்று அத்தனை கசப்பையும் கொட்டிய வாயிலிருந்தே இது வருகிறது என்பதைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு, அதன்மேல் முழு எடையையும் வைத்துச் சாய முடிந்தது. சனிக்கிழமை ஆண்டவரைக் கண்ணால் கண்டதாக யோபு சொல்லி, நூல் முடிவுக்கு வருகிறது. இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பக் கிடைப்பதைவிட, மகள்களுக்கும் அவர்களுடைய சகோதரர்களோடு தந்தை சொத்தில் பங்கு கொடுத்தார் என்ற வரி எனக்கு எப்போதும் பிடித்தமானது. அது நம் குடும்பங்களில் இன்னும் உரக்க வாசிக்கப்பட வேண்டிய வரி.

எல்லா நாளும் இப்படி இருப்பதில்லை. டிசம்பர் 17 அன்று மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணை வருகிறது. பெயர்ப் பட்டியலில் என்ன ஊக்கம் என்று பலரும் கேட்பார்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று அதில் வரும் பெண்களின் கதைகளை ஒருமுறை வாசித்துவிட்டு அந்தப் பட்டியலுக்குத் திரும்பினால் அந்தக் கேள்வி எழாது. ஒன்றுமே தோன்றாத காலைகளும் உண்டு. அப்போது பதிலுரைப் பாடலின் பல்லவியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறேன். பேருந்தில், அடுப்படியில், அலுவலகப் படிக்கட்டில் அது நினைவுக்கு வரும்போது சொல்லிக்கொள்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவு சபையைச் சேர்ந்த இரண்டாம் குய்கோ, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைப்பிரசன்னத்தில் அமைதல் என்று நான்கு படிகளை வகுத்தார். எனக்கு அவற்றில் முதல் படியே பல நாள்களில் போதுமானதாக இருந்திருக்கிறது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மறையுரையையோ விளக்கத்தையோ முதலில் பார்க்க வேண்டாம். முந்தைய இரவே வாசகத்தை ஒருமுறை மெதுவாக வாசித்துவிட்டு, முதல் வாசகம் எந்த நூலிலிருந்து வருகிறது, நேற்று எங்கே நின்றது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு படுக்கலாம். காலையில் அதே பகுதியைக் கேட்கும்போது அது தெரிந்த குரலாக ஒலிக்கும். விளக்க உரைகள் நல்லவைதாம். பிறருடைய சொற்கள் முந்திக்கொண்டால் இறைவார்த்தை நம்மோடு நேராகப் பேசுவதற்கு இடம் குறைந்துபோகிறது என்பது என் அனுபவம்.

அம்மாவுக்குப் பேச்சு சிறிது சிறிதாகத் திரும்பியது. நாள்தோறும் ஏதாவது ஒன்றை உரக்க வாசிக்க வேண்டும் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபோது, செய்தித்தாளைக் கொடுத்தேன். அவர் அதைத் தள்ளிவிட்டு அன்றைய வாசகத்தைக் கேட்டார். இப்போது முதல் வாசகம் அவருடையது, நற்செய்தி என்னுடையது. நீண்ட பெயர்களில் நின்று நின்று வருவார். எரேமியாவில் அது கொஞ்சம் நேரம் எடுக்கும்.

2026ஆம் ஆண்டில் யோபுவின் வாரம் செப்டம்பர் 28 அன்று தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை அதிதூதர்களான மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோரின் விழா. அதற்கெனத் தனி வாசகங்கள் இருப்பதால் மூன்றாம் அதிகாரம் அந்த ஆண்டு திருப்பலியில் இடம்பெறாது. விழாவால் தடைபடும் பகுதியை அருகிலுள்ள நாளின் பகுதியோடு சேர்த்து வாசிக்கத் திருப்பலி நூலின் விதிமுறைகள் இடம் தருகின்றன. திங்களன்று இரண்டையும் சேர்த்து வாசிக்க முடியுமா என்று எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்க இருக்கிறேன். இல்லையெனில் அந்தப் பகுதி மீண்டும் வருவது 2028 அக்டோபர் 3 அன்றுதான். அதுவரை காத்திருக்க அம்மாவுக்கு மனமில்லை. கோயிலில் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் வீட்டில் அதைத் தாமே வாசிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்கான பயிற்சியையும் இப்போதே தொடங்கிவிட்டார்.