டீச்சர் இல்லாத வகுப்பு

ஜூலை 3

டீச்சர் கண் திறக்கிறார். பேச்சு வரவில்லை. வலது கை அசையவில்லை.

ஜூலை 4

டீச்சருடைய ஒன்பதாம் வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கரும்பலகையின் மேல் ஓரத்தில் அவர் கையெழுத்து அப்படியே இருக்கிறது: ‘முதலில் ஊகி. அப்புறம் அள.’ அழிக்க மனம் வரவில்லை. அதற்குக் கீழேயே எழுதிச் சமாளித்தேன்.

ஜூலை 5

தனி ஊசல், அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டு. நூல் 50 செ.மீ., இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம்? சின்ன இரும்புக் குண்டுக்கு எல்லோருக்கும் 28.7 விநாடி வந்தது. கடைசி பெஞ்சுப் பையன் மட்டும் குண்டைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய ரப்பர் பந்தைத் தொங்கவிட்டிருந்தான். “மிஸ், இதுக்கு 29.5 வருது. எடை கூடினா நேரமும் கூடுது.”

“எடைக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. தப்பா எண்ணியிருப்பே, மறுபடி எண்ணு” என்றேன்.

மூன்று தடவை எண்ணினானாம். மூன்றிலும் அதேதானாம். மணி அடித்துவிட்டது.

ஜூலை 6

நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் 29.5-ஐ ரப்பரால் அழித்துவிட்டு 28.7 என்று எழுதியிருக்கிறான். தாளே தேய்ந்து போயிருக்கிறது. விளக்கில் பிடித்தால் பழைய எண் தெரிகிறது.

ஜூலை 7

தூக்கம் இல்லை. எனக்காக ஒரு பிள்ளை தான் கண்ணால் பார்த்ததை அழித்துவிட்டான். டீச்சர் வகுப்பில் யாரும் எதையும் அழித்ததில்லை. தவறான அளவு என்றாலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஏன் என்று எழுத வேண்டும். கலிலியோ கூட, ஊசல் ஆடும் வீச்சு எவ்வளவு பெரிதானாலும் அலைவு நேரம் மாறாது என்றுதான் நம்பினார். சிறிய வீச்சுக்கு மட்டுமே அது ஏறக்குறைய சரி என்று அவரிடம் படித்த எங்களை அளக்க வைத்தே காட்டியவர் டீச்சர்.

மெழுகுவர்த்தி வகுப்பு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சுடரை ஊதி அணைத்தார். எழுந்த வெள்ளைப் புகையில், திரிக்கு இரண்டு விரற்கடை மேலே தீக்குச்சியைக் காட்டினார். நெருப்பு புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொண்டது. “எரியறது எது?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் போய்விட்டார். மூன்று நாள் எங்களுக்கு அதே பேச்சு. புகையாகப் போவதே மெழுகுதான் என்று நாங்களே கண்டுபிடித்த அன்றுதான் விஞ்ஞானி ஃபாரடேயைப் பற்றிச் சொன்னார். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய பையன், 1812-ல் வேதியியல் அறிஞர் டேவியின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தானே தைத்துக் கட்டி அவருக்கே அனுப்பியது, மறு வருடம் டேவியிடமே உதவியாளராகச் சேர்ந்தது. அன்று ராத்திரியே என் அறிவியல் நோட்டை ஊசி நூலால் தைத்தேன். இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்று நாள் பொறுத்தவர் அவர். என்னால் மூன்று நிமிடம் முடியவில்லை.

28.7. 29.5. எண்ணுவதில் தவறு என்றால் மூன்று தடவையும் ஒரே தவறா?

ஜூலை 8

மாலையில் பார்க்கப் போனேன். பையன் விஷயத்தை முழுக்கச் சொன்னேன், எண்கள் உட்பட. கண்ணை எடுக்காமல் கேட்டார். பிறகு இடது கையின் கட்டை விரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் இறுக்கி மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். வலியோ என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கோபமா, சோர்வா தெரியவில்லை.

ஜூலை 9, விடிகாலை

பந்து! அந்தக் கை பந்து! கட்டை விரல் அதன் மையம்!

நூலின் முடிச்சு வரை அளந்தால் போதாது. குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். சின்னக் குண்டுக்கு 51 செ.மீ., பெரிய பந்துக்கு 54. நீளம் கூடியதால்தான் நேரம் கூடியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 29.5 அப்படியே வருகிறது. அவன் அளந்தது அத்தனை துல்லியம். இதை நானே எத்தனை முறை நடத்தியிருக்கிறேன்.

ஜூலை 10

வகுப்புக்கு முன்னால் நின்று, “உன் அளவு சரி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றேன். காரணம் சொல்லவில்லை. பந்தை அவன் கையில் கொடுத்தேன்.

“எதுவரைக்கும் அளந்தே?”

“முடிச்சு வரைக்கும், மிஸ்.”

“ஊசல் முடிச்சோட முடிஞ்சிடுதா?”

பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தான். வாயைத் திறக்காமல் நின்றேன், அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. “ஸ்கேல் குடுங்க மிஸ்” என்றான். நூலைக் கொஞ்சம் சுருக்கி, பந்தின் நடு வரை 51 வருமாறு கட்டினான். 28.7. பெஞ்சைத் தட்டினார்கள். அழித்த இடத்தில் 29.5-ஐ அவனையே திரும்ப எழுதச் சொன்னேன்.

ஜூலை 11

டீச்சரிடம் சொன்னேன். இடது கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நல்ல அழுத்தம்.

ஜூலை 12

பையன் ஸ்டாஃப் ரூம் வாசலுக்கே வந்துவிட்டான். “மிஸ், உள்ளே காலியா இருக்கற பந்து. தண்ணி நிரப்பி, அடியில ஊசியால துளை போட்டுட்டு ஆட விட்டா? தண்ணி ஒழுக ஒழுக மையம் எங்கே போகும்?”

“நீ என்ன ஊகிக்கறே?” என்றேன்.

நாளைக்குப் பந்து, ஊசி, வாளி. மறக்கக் கூடாது. இன்று மாலை 4 மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.