புதுப் பெயின்ற் வாசம்

வீடு வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான். "சேர், ஒருக்கா வந்து பார்த்திட்டு ஓமெண்டு சொல்லுங்க" என்பார்கள். பார்க்கச் சொல்கிறார்களா, ஓம் சொல்லச் சொல்கிறார்களா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தராக 27 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். மட்டக்களப்பில் தெரிந்தவர்களுக்கு வீடு பார்த்துச் சொல்லும் வேலை அதன்பிறகு தானாக வந்து சேர்ந்தது. காணி உறுதிப் பத்திரம் பார்ப்பதில் நம்மவர்கள் குறை வைப்பதில்லை. நொத்தாரிசிடம் போவார்கள், காணிப் பதிவகத்தில் தேடுவார்கள், சேர்வேயரைக் கூட்டிவந்து எல்லைக்கல்லைத் தோண்டிப் பார்ப்பார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் என்றால், அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேமிற் காணியா, உறுதிக் காணியா என்பதுதான் முதல் கேள்வி. இவ்வளவும் காணிக்கு. அதன் மேல் நிற்கும் வீட்டுக்கு வாசலில் நின்று ஒரு பார்வை, "நல்ல காத்தோட்டம்" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

கல்லடியில் அப்படி ஒரு வீடு. வாங்க நினைத்தவர் இளம் ஆசிரியர். வங்கிக் கடன், மனைவியின் நகை, எல்லாம் சேர்த்துத்தான் வந்திருந்தார். விற்கிற அம்மா தனி ஆள். மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு அது, மகள் கனடாவில். 2006இல் கட்டியது என்றார். எனக்கு அப்போதே மனம் கொஞ்சம் உறுத்தியது. சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்க ஒரே நேரத்தில் வீடு எழும்பிய காலம் அது. நல்ல மேசனும் கிடைப்பதில்லை, நல்ல மணலும் கிடைப்பதில்லை.

உள்ளே போனால் புதுப் பெயின்ற் வாசம். விற்கிற வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதில் குற்றமில்லை, பெண் பார்க்க வரும்போது வீடு கூட்டுவதில்லையா? ஆனால் ஒரு அறையின் கொங்கிரீட் மேல்தட்டுக்கு மட்டும் புதிதாகப் பூச்சும் வைத்திருந்தார்கள். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல கொங்கிரீட் இறுக்கமாகச் சத்தம் தரும். இது வெறும் பானையைத் தட்டினதுபோல் இருந்தது. கடல் காற்றோ, கழுவாத மணலோ, எப்படியோ உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருக்கிற கம்பி கொங்கிரீட்டை வெடிக்க வைத்துக் கீழே தள்ளும். மேலே பூசி மறைக்கலாம், கம்பி தன் வேலையை நிறுத்தாது.

அண்ணாந்து பார்த்த கழுத்து வலித்துக் கீழே குனிந்தபோதுதான் அதைக் கண்டேன். சிவப்புச் சீமெந்து நிலத்தில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, வட்டமாக ஒரு வெளிறல். வாளி வைத்த தடம். ஒரு மாரியில் வருகிற தடமல்ல, பல மாரி ஒரே இடத்தில் வாளி இருந்திருக்க வேண்டும். நான் பார்ப்பதை அந்த அம்மாவும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

கிணற்றுக்கும் மலசலக் குழிக்கும் இடையே நாடா பிடித்தேன், 28 அடி. மாரியில் கை எட்டுகிற ஆழத்துக்கு நீர் ஏறிவிடும் மணல் நிலத்தில் அந்தத் தூரம் போதாது. மின் கசிந்தால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் ஸ்விட்ச்சின் சோதனைப் பொத்தானை அமத்தினேன், விழவில்லை. அது சின்னச் செலவு, ஆனால் உயிர் விஷயம். நல்லவேளை, வாவிக்கரை வீடல்ல. வாவிக்கரை என்றால் 2011 தை வெள்ளம் எதுவரை வந்தது என்றும் விசாரிக்க வேண்டும். அதை விற்பவரிடம் கேட்கமாட்டேன். பக்கத்து வீட்டில் வயதான ஆளிடம் கேட்டால், சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

இந்த வேலையில் சங்கடமான இடம் இதற்குப் பிறகுதான் வரும். ஒருவர் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டே அவர் வீட்டுக் குறையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மென்று விழுங்கினேன். ஒரு தடவை அப்படி விழுங்கியதற்கு, வாங்கிய குடும்பம் இரண்டாம் மாரியிலேயே மேல்தட்டை இடித்துப் போட்டது. இப்போது இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தே சொல்கிறேன். அன்றும் அப்படித்தான். அறையின் மேல்தட்டைப் புதிதாகப் போட வேண்டும், குழியை மாற்ற வேண்டும், செலவு இவ்வளவு வரும் என்று கடதாசியில் எழுதி நடுவில் வைத்தேன். ஆசிரியரின் முகம் விழுந்துவிட்டது. அம்மா கடதாசியைத் தொடவேயில்லை.

விலை பேசி முடிக்க மூன்று கிழமை ஆனது. செலவில் பாதியை அம்மா குறைத்துக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று நான் படலை வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் செருப்புச் சத்தம்.

"தம்பி, அந்தப் பிள்ளைகளிட்டச் சொல்லுங்க. சமையலறை மூலையிலயும் ஒழுகும். அதை நீங்க பாக்கல்ல."