என்ன ஜாதி நாய்ங்க இது?

செவலையை வாய்க்கால் கரையில் நடத்திக்கொண்டு போனால் எதிரே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஜாதி நாய் என்றால் நம் பக்கம் லேப் என்கிற லேப்ரடார், பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் ராஜபாளையம், சிப்பிப்பாறை. நாட்டு நாய்தான் என்று சொன்னதும் முகம் இறங்கிவிடும், அப்புறம் "இதுக்குப் போயி பட்டையெல்லாமா?" என்று ஒரு சிரிப்பு. மனுஷனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க இப்போதெல்லாம் கொஞ்சமாவது தயங்குகிறார்கள், நாய் விஷயத்தில் தயக்கமே கிடையாது.

நாங்களும் ஜாதி நாயில் ஆரம்பித்தவர்கள்தான். போன வருஷம் கோடை லீவில், பையன் ஐந்தாவது முடித்திருந்தான், லேப் குட்டி வாங்கித் தந்தால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றான். என் வீட்டுக்காரர், யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஆளிடம் ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கி வந்தார். பிஸ்கட் நிறம், அட்டைப்பெட்டிக்குள் துணி சுற்றி, பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். நாற்பத்தைந்து நாள் குட்டி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பல்லைப் பார்த்த டாக்டர் ஒரு மாதம் ஆகியிருந்தாலே அதிகம் என்றார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017ல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது, அதன்படி பார்த்தால் அவர்கள் சொன்ன நாற்பத்தைந்து நாளே தப்பு. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். வந்த ஏழாம் நாள் வாந்தி. எட்டாம் நாள் ரத்தமாகப் பேதி, வீடு முழுக்க ஒரு வாடை, அதை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. பத்தாம் நாள் கொல்லையில் தென்னை மரத்தடியில் புதைத்தோம். பார்வோ என்கிற வைரஸ்.

பையன் அழுது முடிப்பதற்குள் இவர் இன்னொரு குட்டி பார்க்கலாமா என்றார். டாக்டர்தான் தடுத்தார். அந்த வைரஸ் மண்ணில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடித்துக் கிடக்குமாம், பினாயிலுக்கெல்லாம் அடங்காதாம். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினால் போகும், ஆனால் அது சிமென்ட் தரைக்குச் சரி, கொல்லை மண்ணை என்ன செய்வீங்க என்று கேட்டார். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட்டு, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று நாலு மாதம் ஆகும் வரை போட்டு முடித்தால்தான் நம்பலாம். "வேணும்னா ஊசியெல்லாம் போட்ட பெரிய நாயா எடுங்களேன், காப்பகத்துல எவ்வளவோ கெடக்கு."

ஆக, ஜீவகாருண்யம் பொங்கி நாங்கள் காப்பகத்துக்குப் போகவில்லை. எங்கள் மண் குட்டிக்கு ஆகாது, அதனால் போனோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு நாய் காப்பகம் என்றால் சென்னை புளூ கிராஸ்தான் ஞாபகம் வரும். விமானியாக இருந்த கேப்டன் சுந்தரம் 1959ல் ஆரம்பித்தது, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று பெரிய ஏற்பாடு. காவிரி டெல்டாவில் நான் பார்த்தது அப்படியெல்லாம் இல்லை. தஞ்சாவூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பழைய மாட்டுக்கொட்டகையை மறைத்துக் கட்டிய இடம். தகர ஷெட், பச்சை வலை, ஒரு அடிபம்பு, கல் அடுப்பில் அண்டா. அண்டாவில் ரேஷன் அரிசியும் கோழிக்கழுத்தும் வெந்துகொண்டிருந்தன. நாய்கள் எப்படியும் அறுபது இருக்கும். இறங்கியதும் அறுபதும் ஒரே நேரத்தில் குரைக்க, பையன் காருக்குள் திரும்ப ஏறிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, எனக்கே கால் கூசியது.

அதை நடத்துகிற அக்கா எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சொந்த வீடா வாடகையா, சுற்றுச்சுவர் உண்டா, பகலில் கட்டிப்போடுவீங்களா, ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள், வீட்டில் யாருக்காவது நாய் பிடிக்காதா, இதற்கு முன்னால் வளர்த்த நாய் என்ன ஆச்சு. கடைசிக் கேள்விக்கு இவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்து, "நாய் எடுக்க வந்தா மாப்பிள்ளைய விசாரிக்கிற மாதிரில்ல விசாரிக்கிறாங்க" என்றார் எரிச்சலாக. நான் சொன்னேன், ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தாரே அந்த ஆள், அவரை விட இது எவ்வளவோ மேல்.

குட்டிகள் இருந்தன. குட்டிகளுக்கு ஆள் வந்துவிடும் என்றார் அக்கா, மூன்று மாதத்துக்குள் போய்விடுமாம், அதிலும் ஆண்குட்டி முதலில். வயதான லேப் ஒன்று இருந்தது, இடுப்பு விழுந்ததும் யாரோ இரவில் கேட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குக்கூட இரண்டு பேர் விசாரித்தார்களாம், லேப் என்பதால். யாரும் விசாரிக்காமல் கிடப்பது நாலு ஐந்து வயதான நாட்டு நாய்கள், அதிலும் பொட்டை, அதிலும் செவலையோ கருப்போ. வெள்ளையாக, புள்ளி விழுந்ததாக இருந்தால் தேவலாம்.

செவலை மூலையில் கோணிமேல் படுத்திருந்தது. குரைக்கவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. பல்லின் தேய்மானத்தை வைத்து நாலு வயது இருக்கும் என்றார்கள். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு, ஊசி போட்ட அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த தேதி எல்லாம் சரியாக இருந்தது. அதன் கதை என்ன என்று கேட்டேன். கால் உடைந்தது, ரயிலில் அடிபட்டது என்று ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன் போல. "கதை ஒன்னும் இல்லம்மா, ஒருநாள் இங்க நின்னுச்சு" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. பணம் வாங்கவில்லை, ஒரு சிப்பம் அரிசி இறக்கிக் கொடுத்தோம். ஆதார் நகல், ஒரு கையெழுத்து, ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு வந்து பார்ப்பேன் என்று ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்.

நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதியிருப்போம் இல்லையா, அதை நம்பிக்கொண்டு யாரும் இந்த மாதிரி நாயை எடுக்காதீர்கள். காரில் இரண்டு முறை வாந்தி. வீட்டுக்கு வந்ததும் பத்தாயத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் போய்ப் படுத்ததுதான், முதல் நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாலை ஆட்டவில்லை, கிட்டே போனால் உறுமவும் இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அக்காவுக்குப் போன் செய்தேன். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று கணக்குச் சொன்னார். மூன்று நாளில் பயம் கொஞ்சம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பழகும், மூன்று மாதம் ஆனால்தான் அது தன் வீடு என்று நினைக்கும், அதுவரைக்கும் கொஞ்சாதீங்க, சும்மா இருங்க. சும்மா இருப்பதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் வராதது. பையனுக்கு இரண்டு வாரத்தில் ஆர்வம் போய்விட்டது. பந்து எடுத்து வராத நாய் என்ன நாய் என்று கேட்டான். நான்தான் தினம் அந்தச் சந்துக்குப் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், பேசாமல்.

மூன்றாவது வாரம் தெருவில் ஒரு சாவு. தீபாவளி என்றால் முன்கூட்டியே தெரியும், ஜன்னலை அடைத்து வைக்கலாம். சாவுக்கு நாள் தெரியுமா? மேளமும் வெடியும் எங்கள் வாசலைத் தாண்டும்போது செவலை கொல்லைக் கதவு இடுக்கில் நுழைந்து போய்விட்டது. இரவு பதினோரு மணி வரை டார்ச் அடித்துக்கொண்டு கோரையாற்றுக் கரையெல்லாம் தேடினோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதற்கு அதற்குப் பெயரே இன்னும் பழகவில்லை. மறுநாள் காலை பால்காரர்தான் சொன்னார், ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாய் நிற்கிறது, கழுத்தில் பட்டை இருக்கு என்று. போனோம். ஓடவில்லை, வரவும் இல்லை. கீழே உட்கார்ந்துகொண்டேன், பக்கத்தில் வந்து படுத்தது. பட்டையில் போன் நம்பரை மார்க்கரில் எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது. நீங்கள் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

அப்புறம் உண்ணி. ஐப்பசி மழையில் செவலை சாப்பாட்டைக் குறைத்தது, வேலை மும்முரத்தில் நான் கவனிக்கவில்லை. ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் பதறினோம். முதலில் காட்டிய இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள், இரண்டு நாளில் இன்னும் மோசம். மன்னார்குடி வழியாக ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். 2012ல் அந்தக் கல்லூரி வந்தது நம் பக்கத்துக்குப் பெரிய விஷயம், மாட்டுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, உண்ணி கடித்துப் பரவும் கிருமி. டாக்ஸிசைக்ளின், 28 நாள், ஒரு நாள்கூட விடக்கூடாது. இட்லியில் வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும். நெத்திலிக் கருவாட்டில் சுற்றினால் போய்விடும்.

சாப்பாடு பற்றிக் கேட்கிறார்கள். தயிர்சாதம், முட்டை, வேகவைத்த கோழி, ஒரு பிரச்சினையும் இல்லை. சாம்பார் சாதம் வேண்டாம், அதில் உள்ள வெங்காயம் நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்துத் திராட்சையும் அப்படியே, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆனால் வயல்காட்டில் இதையெல்லாம் விடப் பெரிய பயம் எலி மருந்து. சம்பாவில் வரப்போரம் ஜிங்க் பாஸ்பைடு கலந்து பொட்டலம் வைப்பார்கள், அதையோ செத்த எலியையோ தின்றால் பிழைப்பது கஷ்டம். இவர் பக்கத்து வயல்காரர்கள் ஏழு பேரிடமும் போய், வைக்கும் நாளைச் சொல்லிவிடச் சொன்னார். ஒரு தாத்தா மட்டும், "எனக்கு எதுக்குப்பா மருந்து, நான் இன்னும் கிட்டிதான் வைக்கிறேன்" என்றார். தஞ்சாவூர் கிட்டி, மூங்கிலில் செய்த எலிப்பொறி. அவர் வயல் பக்கம் மட்டும் செவலையை அவிழ்த்து விடுகிறேன்.

2025 ஆகஸ்ட் 11ல் டெல்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டபோது எங்கள் டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். 22ஆம் தேதியே அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றார்கள். நவம்பரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் இங்கேயெல்லாம் பிடித்தால் அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று இன்னொன்று. காப்பகத்தில் போடு என்று சுலபமாகச் சொல்கிறவர்களை ஒருநாள் அந்தத் தகர ஷெட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், அறுபதுக்கே கோழிக்கழுத்து பத்தவில்லை. அதற்காகக் கடி என்பது சும்மா இல்லை. எங்கள் தெருவில் ஒரு பிள்ளையை நாய் கடித்து, வீட்டில் காயத்தில் மிளகாய்ப்பொடி வைத்துவிட்டார்கள். வைக்கவே கூடாது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கடித்த அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாள் என்று நாலு முறை அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய பாட்டியிடம் நாயின் உரிமை பற்றி நான் பேசப் போவதில்லை. ஆகஸ்ட் உத்தரவில் இன்னொரு வரியும் உண்டு, தெரு நாயைத் தத்தெடுக்கலாம், எடுத்தவர் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அதைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் பிள்ளைகளை முதல் தடவை கூட்டிப்போகாதீர்கள். காலையில், சோறு வைத்து முடித்த பிறகு போங்கள், அப்போதுதான் நாய்களின் உண்மையான குணம் தெரியும். இரண்டு மூன்று தடவை போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாலும் தப்பில்லை. ஒத்துவரவில்லை என்றால் கூச்சப்படாமல் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள், பாலத்தடியில் இறக்கிவிடாதீர்கள். அக்கா திட்டுவார், ஆனால் வாங்கிக்கொள்வார்.

அத்தைக்கு இன்றுவரை செவலையைப் பிடிக்காது. திருவிசநல்லூர் பைரவருக்குத் தேய்பிறை அஷ்டமி தவறாமல் போகிறவர்தான், ஆனால் நாய் திண்ணையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது அவர் சட்டம். அவர் வீடு, நான் வாதாடுவதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாரல் திண்ணை வரைக்கும் அடிக்கிறது, செவலை நிலைப்படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. அத்தை தூங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.