டாப்ளர் திரையில் நான் கண்ட பொய்க் குறுக்கமும் பொய் அடைப்பும்

ஒலியலைகளை அனுப்பி, இரத்த ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் நிறங்களாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பயிற்சியின் முதல் மாதங்களில், நிறம் தெரிந்தால் இரத்தம் ஓடுகிறது, தெரியாவிட்டால் அடைப்பு என்ற அளவில்தான் என் புரிதல் இருந்தது. ஒரு நாள் கழுத்துப் பரிசோதனையில், மூளைக்கும் தலைக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் பொதுக் கரோட்டிட் தமனி முழுவதும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சிதறித் தெரியவே, கடுமையான குறுக்கம் என்று குறிப்பெழுதத் தொடங்கிவிட்டேன். சாம்பல்நிறப் படத்திலோ தமனிச் சுவர் படிவு எதுவுமின்றி வழவழப்பாக இருந்தது. அருகில் நின்ற மூத்த மருத்துவர், "ஸ்கேல் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு முன், இரத்தம் மெதுவாக ஓடும் கால் சிரைகளைப் பார்த்த கருவி அது; ஸ்கேல், அதாவது திரை சரியாகக் காட்டக்கூடிய உச்ச வேகம், விநாடிக்கு 10 செ.மீ. அளவிலேயே நின்றிருந்தது. அதை 60க்கு உயர்த்தியதும் தமனி ஒரே சிவப்பாக அடங்கியது.

ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்று மாறும்; அந்த மாற்றத்திலிருந்துதான் வேகம் கணக்கிடப்படுகிறது. கருவி விநாடிக்கு எத்தனை ஒலித்துடிப்புகளை அனுப்புகிறதோ, அந்த எண்ணிக்கையில் பாதியை அதிர்வெண் மாற்றம் தாண்டும்போது, மிஞ்சிய பகுதி எதிர்த்திசை ஓட்டம்போலத் திரையின் மறுபக்கத்தில் எழுகிறது, இதுவே அலியாசிங். 5 மெகாஹெர்ட்ஸ் அலையும், ஒலிக்கற்றைக்கும் ஓட்டத்துக்கும் இடையே 60 டிகிரி கோணமும் கொண்டு, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தை அளந்தால் மாற்றம் ஏறத்தாழ 3.2 கிலோஹெர்ட்ஸ், அதற்கு ஒலித்துடிப்பு வீதம் 6.5 கிலோஹெர்ட்ஸாவது வேண்டும். ஆனால் 15 செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பி வரும்வரை காத்திருந்தால், 5.1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போக முடியாது. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்த பிறகுதான், ஆழத்தைக் குறைப்பதும், குறைந்த அதிர்வெண் புரோபுக்கு (உடலில் வைக்கும் கைக்கருவி) மாறுவதும், பேஸ்லைனை (திரையின் சுழிக் கோடு) நகர்த்துவதும் ஏன் உதவுகின்றன என்பது எனக்கு விளங்கியது.

உண்மையிலேயே திசை திரும்பிய ஓட்டத்தையும் அலியாசிங்கையும் பிரித்தறிய நான் பார்ப்பது இரு நிறங்களும் சந்திக்கும் எல்லையை. ஓட்டம் திரும்பும் இடத்தில் வேகம் சுழியைக் கடப்பதால் இடையே ஒரு கருங்கோடு இருக்கும்; அலியாசிங்கிலோ வெளிறிய நிறங்கள் நேரடியாக ஒட்டி நிற்கும். எல்லா அலியாசிங்கையும் துடைத்துவிடவும் கூடாது. ஸ்கேலைச் சரியாக வைத்த பின்னும் ஓரிடத்தில் மட்டும் அது நீடித்தால், அங்கே உண்மையான குறுக்கம் இருக்கலாம்; ஓரிடத்தின் வேகத்தை மட்டும் அலைவடிவமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரல் கேட்டை அங்கேதான் வைக்க வேண்டும்.

என்னை அதிகம் பயமுறுத்தியது இதற்கு நேர்மாறான தவறு: இருக்கும் ஓட்டத்தை இல்லையென்று சொல்வது. வளைந்து செல்லும் தமனியில், ஒலிக்கற்றைக்குச் செங்குத்தாக அமைந்த துண்டு மட்டும் கறுத்திருந்ததை அடைப்பென்று நினைத்தேன். திரையில் நிறம் காட்டும் பகுதியான நிறப்பெட்டியைச் சாய்த்து, புரோபின் ஒரு முனையைச் சற்று அழுத்தியதும் நிறம் வந்தது. அதிர்வெண் மாற்றம் கோணத்தின் கொசைனைப் பொறுத்தது; 90 டிகிரியின் கொசைன் சுழி என்பது பள்ளியில் படித்ததுதான். இன்னொரு நோயாளியிடம் இதயம் விரியும் கட்டத்தில் ஓட்டமே இல்லாததுபோலத் தோன்றியதற்குக் காரணம், குறைந்த வேகச் சைகைகளை நீக்கும் வால் ஃபில்டரை உயர்வாக விட்டிருந்த என் கவனக்குறைவு. அதன் பிறகு, ஓட்டம் இல்லை என்று எழுதுமுன் ஃபில்டரையும் ஸ்கேலையும் இறக்கி, கோணத்தை மாற்றி, சைகையைப் பெருக்கும் கெயினைப் புள்ளிகள் சிதறும்வரை ஏற்றிச் சற்றே குறைத்துப் பார்க்காமல் இருந்ததில்லை.

ஓட்டத்தின் கோணத்தைக் கருவிக்குக் குறித்துக் காட்டும் கோணத் திருத்தத்தில் கை தவறினால் படம் அழகாகவே இருக்கும், எண் மட்டும் பொய்யாகும். உண்மைக் கோணம் 60 ஆக இருக்கையில் 65 என்று குறித்தால், வேகம் சுமார் 18 விழுக்காடு கூடிவிடும். 60ஐத் தாண்டினால் இப்பிழை விரைவாக வளரும் என்பதால் அதற்கு மேல் நான் அளப்பதில்லை.

சிறுநீரகக் கல்லின் பின்னால் மினுங்கும் நிறம் அலைவடிவம் தராது என்பதால், ஸ்பெக்ட்ரல் கேட்டை அதன்மேல் வைத்த உடனே அது ஓட்டமல்ல என்று தெரிந்துவிடுகிறது. காறையடித் தமனிக்குக் கீழே, நுரையீரல் உறைக்கு அப்பால் தெரிந்த இரண்டாவது குழாய்தான் என்னை நெடுநேரம் அலைக்கழித்தது. துடிப்பும் அலைவடிவமும் அச்சாக முதலாவதைப் போலவே இருந்தன. புரோபை வேறு கோணத்தில் வைத்தபோது மேலிருந்த தமனி நிலைத்து நிற்க, நுரையீரல் உறை ஒலியைத் திருப்பியனுப்பியதால் கண்ணாடி பிம்பமாகத் தெரிந்த அந்தக் குழாய் மறைந்துபோயிற்று.