மேசையைத் தள்ளிய கைகள்

இன்று முழுவதும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் நினைவாகவே இருக்கிறேன். 1853-இல் இங்கிலாந்தில் பலர் மேசையைச் சுற்றிக் கைவைத்து உட்கார்ந்து, ஆவிகள் அதை அசைப்பதாக நம்பினார்கள். அவர் யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. கைகளுக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை இளகிய பசையால் லேசாக ஒட்டி அடுக்கினார். மேசை தானே நகர்ந்தால் கீழ் அட்டைதான் முந்த வேண்டும். முந்தியதோ மேல் அட்டை! உட்கார்ந்தவர்களே அறியாமல் அவர்கள் கைகள் தள்ளியிருக்கின்றன. கையின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றைக் கண்முன் வைத்ததும் மேசை அசையவே இல்லை.

அம்மா இறந்த ஆண்டில் நானும் அப்படியொரு மேசைமுன் அமர்ந்தேன். அது அசைந்ததும் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். தள்ளியது என் கையாகத்தான் இருந்திருக்கும். கூப்பிட்டதற்காக இன்றும் வருந்தவில்லை.