திரையில் தெரிந்த எண்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போய் மூன்றாவது வாரம். வகுப்பு முடிந்து அறைக்குள் நுழைகிறேன், போன் அடிக்கிறது. நம் நாட்டுத் தூதரகத்திலிருந்து பேசுவதாக ஒருவர். என் விசா விண்ணப்பத்தில் தவறான தகவல் இருக்கிறதாம், மாலைக்குள் அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்திவிடுவார்களாம். எனக்கும் சந்தேகம் வந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் தூதரக இணையதளத்தைத் திறந்து எண்ணைச் சரிபார்த்தேன். அதே எண்! அதில்தான் ஏமாந்தேன்.

"லைனிலேயே இருங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, அறைத்தோழி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் 'கட் பண்ணு' என்று எழுதி நீட்டினாள். கட் பண்ணினேன். அப்புறம் அதே எண்ணை நானே அழுத்திக் கூப்பிட்டேன். எடுத்தவர், "நாங்கள் அழைக்கவே இல்லை. போனில் பணமும் கேட்க மாட்டோம்" என்றார்.

வருகிற அழைப்பில் எந்த எண்ணை வேண்டுமானாலும் போலியாகக் காட்ட முடியும். இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்து நாமே கூப்பிட்டால்தான் அது உரிய இடத்துக்குப் போகும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்த அரைமணி நேரம் நான் நடுங்கியிருக்க வேண்டியதில்லை. எண்ணைவிடப் பெரிய அடையாளம், 'யாரிடமும் சொல்லாதே' என்ற வார்த்தை. எந்த அலுவலகமும் அப்படிச் சொல்லாது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து அவசர எண்களைத் தேடினேன். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. எண் தெரிந்தால் மட்டும் போதாது, முகவரியைச் சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் தெருப் பெயர் என் வாயில் நுழையவே இல்லை. தோழியிடம் பத்து தடவை சொல்லிப் பழகினேன். தமிழில் உச்சரிப்பை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியும் வைத்தேன். சிரித்தாள், சிரிக்கட்டும்.

தூதரகத்தில் பதிவு செய்துகொள்ள ஐந்து நிமிடம்தான் ஆகும், வசதி இருந்தால் போனதுமே செய்துவிடுங்கள். தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவுப்படி, வெளிநாட்டில் கைதாகும் ஒருவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். ஆனால் தூதரகம் வந்து வழக்கிலிருந்து மீட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம், அது அவர்கள் கையில் இல்லை.

மருந்து விஷயத்தில் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். பெயர் வேறு என்பதால் வேறு மருந்து என்று நினைத்து, காய்ச்சலுக்கு இதையும் சளிக்கு அது கலந்த இன்னொன்றையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிக் கல்லீரல் பாதிக்கப்படலாம். சில நாடுகளுக்குச் சாதாரண சளி மாத்திரையையே கொண்டுபோக முடியாது. மூக்கடைப்பைக் குறைக்கும் சூடோஎஃபெட்ரின் என்ற மருந்து 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மாத்திரைக்கு ஜப்பானில் தடை. மருத்துவரிடம் சீட்டு வாங்கும்போது, பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப் குழுக்கள். அறை தேட, பழைய புத்தகம் வாங்க அவை அருமையானவை. விசா விதிக்கு மட்டும் அங்கே போகாதீர்கள். தேர்வு முடிந்த வாரத்தில் கூடுதல் மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் உறுதியாக எழுத, நானும் ஷிப்ட் கேட்கக் கிளம்பிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். தேர்வு முடிந்தாலும் பருவம் முடியும் தேதிவரை மாணவர்களின் வேலை நேரத்துக்குப் பழைய வரம்புதான் என்று பதில் வந்தது. குழுவில் எழுதியவர் எந்த நாட்டில் படிக்கிறார் என்று விசாரித்தேன். அவர் படித்து முடித்தே நான்கு வருடமாகிவிட்டதாம்.