புயலின் எண்ணும் நீரின் உயரமும்

அட்லாண்டிக் கடலின் புயல் பருவம் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வரும். ஆயினும் அமெரிக்கக் கடலோர மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்களில் பலர், ஒரு புயலுக்குப் பெயர் சூட்டப்பட்டுச் செய்தியில் அடிபடத் தொடங்கிய பிறகே தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், கடைக்குப் போவதுதான் ஆயத்தத்தில் கடைசி வேலை.

முதல் வேலை காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து வாசிப்பது. வழக்கமான வீட்டுக் காப்பீடு காற்றால் கூரை பெயர்ந்தால் கைகொடுக்கலாம். வெளியிலிருந்து வெள்ளம் உள்ளே புகுந்தால் பொதுவாகக் கைகொடுக்காது. வெள்ளத்துக்கென்று கூட்டரசின் திட்டத்தில் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். அதுவும் பொதுவாக 30 நாட்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் வருவது சில நாட்களுக்கு முன்புதான் நமக்குத் தெரியும் என்பதால், இதை மே மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

வெள்ளத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'வகை 1 தானே, பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலின் 1 முதல் 5 வரையிலான எண்கள் காற்றின் வேகத்தை மட்டுமே குறிப்பவை. கடல் எவ்வளவு உயரத்துக்குப் பொங்கி ஊருக்குள் ஏறும், எத்தனை நாள் மழை கொட்டும் என்பதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. 2017-இல் ஹார்வி வகை 4 புயலாக டெக்சாஸில் கரையேறியது. ஆனால் ஹூஸ்டன் மூழ்கியது அது வலுவிழந்து நகராமல் நின்று கொட்டிய மழையால்தான். சில இடங்களில் 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. 2024-இல் ஃபுளோரிடாவில் கரையேறிய ஹெலீன், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, வட கரோலினாவின் மலையூர்களில் வெள்ளமாகவும் நிலச்சரிவாகவும் பலரைக் கொன்றது.

ஆகவே நம் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டுக்காக வரையப்பட்ட வெள்ள மண்டலம் வேறு, கடல் பொங்குவதைக் கணக்கில் கொண்டு வரையப்பட்ட வெளியேற்ற மண்டலம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். வானிலைப் படத்தில் காட்டப்படும் கூம்பும் அப்படித்தான். அது புயலின் மையம் போகக்கூடிய பாதையையே காட்டுகிறது, புயலின் அகலத்தை அன்று. கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதி அடைய அதில் ஒன்றும் இல்லை.

குடும்பத்துக்குள் பேசி முடிக்க வேண்டியதும் இந்த வெளியேற்றத்தைப் பற்றித்தான். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர், 'இதைவிடப் பெரிய புயலையெல்லாம் பார்த்தாகிவிட்டது' என்று நாற்காலியை விட்டு எழ மறுப்பார்கள். காற்று வீசத் தொடங்கிய பிறகு அவர்களோடு வாதாட நேரம் இருக்காது. எங்கள் மண்டலத்துக்கு வெளியேற்ற உத்தரவு வந்தால் கிளம்புவது, அதற்கு மேல் விவாதம் இல்லை என்பது எங்கள் வீட்டு விதி. அப்பா அம்மாவின் கடவுச்சீட்டுகள், பயணக் காப்பீட்டுத் தாள், மருந்துச் சீட்டு, மாதக்கணக்குக்கு அவர்கள் கொண்டுவந்த மாத்திரைகள் ஆகியவை நீர்புகாத ஒரே பையில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அங்கே கிடைக்கும் மாத்திரை அதே பெயரில் இங்கே கிடைக்காமல் போகலாம் என்பதால், நான் மிகவும் பத்திரப்படுத்துவது அந்தப் பையைத்தான்.

வீட்டைப் பொறுத்தவரை, சன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவது வீண்வேலை. புயல் ஷட்டரோ, அளவெடுத்து அறுத்து வைத்த தடித்த பிளைவுட்டோதான் காக்கும். பலர் கவனிக்காமல் விடுவது காரேஜ் கதவை. அது உள்வாங்கிவிட்டால், புகுந்த காற்று கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும்.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் என்று சேமித்தால் போதும். மின்சாரம் போனபின் திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் குளிர் காக்கும். வெளியேறுமுன் ஒரு கோப்பை நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், பனி உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள், உள்ளே இருப்பதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ, கதவு திறந்திருக்கும் காரேஜிலோகூட ஓட்டக் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வீட்டை நோக்காமல் வெளிப்புறம் பார்க்க வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகையால் பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைப் பக்கம் மாட்டி, பருவம் தொடங்குமுன் அதன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.